சிவராத்திரியன்று எடுத்த படம்

இருட்டு வேண்டும் என்று ஒரு மனிதர் அலைந்ததை நான் எங்கள் பெரிய கிராணியாரிடம்தான் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் மண்ணெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்தோம்.

ரெங்கம், லாயாங் லாயாங் என்ற இரண்டு ரயில் ஸ்டேஷன்களுக்கு நடுவே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். கிராணி என்றால் ஆபிஸ் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி பெரிய கிராணியார்தான். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, நெற்றியில் திருநீறு. ஒரு தடவை சிங்கப்பூருக்குப் போனவர் கேமராவோடு திரும்பி வந்தார். கையில் பிடிக்கிற சாதனம் இல்லை அது. மூன்று மரக்கால், கறுப்புத் துணி, துருத்தி மாதிரி மடியும் தோல், பின்னால் கண்ணாடித் தகடு செருகும் சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் சுமக்கிற கனம். முதலில் துரை குடும்பத்தை எடுத்தார். பிறகு துரையின் நாயை எடுத்தார். பிறகு தம்முடைய மூன்று பெண்களையும் வரிசையாக நிறுத்தி எடுத்தார். அதற்கப்புறம் தரையில் ஒன்றும் பிடிக்காமல் வானத்துக்குப் போய்விட்டார்.

ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அவர் ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். ராத்திரி வானம். நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோடு கோடாக, வளையம் வளையமாக விழுந்திருக்கின்றன. கேமராவின் கண்ணை மூடாமல் ராத்திரி முழுக்கத் திறந்தே வைத்தால், நட்சத்திரம் நகர்கிற வழி தகட்டில் கோடாகப் பதியும் என்று எனக்கு விளக்கினார். நான் ஆபிஸ் பியூன், அவர் எதைச் சொன்னாலும் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன் நான். நட்சத்திரம் நகரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அன்றிலிருந்து ராத்திரியில் மேலே பார்க்கவே பிடிக்கவில்லை. இத்தனையும் நகர்கிறது என்றால் எதிலாவது எதுவாவது இடிக்காதா என்று இருக்கும். என் சுபாவம் அப்படி. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். தபால் பையை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்த பிறகு, கொடுத்தோமா என்று சந்தேகம் வந்து பாதி வழி திரும்பி ஓடியிருக்கிறேன்.

“இவன் செத்தாலும், செத்திட்டனோ எண்டு ஒருக்கா எழும்பிப் பாப்பான்” என்று கிராணியார் ஆபிஸில் சொல்வார். சின்னக் கிராணிமார் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பயந்தவன் என்பதால்தான் என்னைக் கேமராவுக்குக் காவல் வைத்தார். தைரியமான ஆள் தூங்கிவிடுவான்.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. கேமராவின் மூன்று கால்களையும் அங்கே கல் வைத்து அழுத்தி நிறுத்துவோம். எங்கள் பக்கத்து ராத்திரி ஈரமானது. கொஞ்ச நேரத்திலேயே கேமராக் கண்ணில் பனி பூத்துவிடும். அதற்காக அடுப்பில் சுட்ட செங்கல்லைச் சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் கீழே கட்டித் தொங்கவிட வேண்டும். கல் ஆறினால் பனி படியும், கல் அதிகம் சுட்டால் கண்ணாடி வெடிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துவிடுவார். நான் விடிய விடிய அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

முதலில் எடுத்தவை எல்லாம் பாழ். ஒரு நாள் மேகம். ஒரு நாள் நாய் வந்து மரக்காலில் முதுகைச் சொறிந்தது. இன்னொரு நாள் நல்ல வானம், நல்ல அமைதி. ஆனால் தகட்டைக் கழுவியபோது அதன் அடியில் கோணல் மாணலாக ஒரு கோடு. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒருத்தி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு விளக்கோடு வெளியே போய் வந்திருக்கிறாள். காலையில் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்தில், கிராணியார் அவளை முன்னால் வரச் சொன்னார். தகட்டை ஆகாயத்துக்கு நேரே பிடித்து அவளுக்குக் காட்டினார்.

“இது ஆரின்ரை கையெழுத்து தெரியுதோ? உன்ரைதான்.”

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலிதான், போட்டார். அவளுக்குக் கடைசி வரை ஒன்றும் புரியவில்லை. மத்தியானம் ஆபிஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, “வானத்துக்கும் எம்புள்ள பேதிக்கும் என்னண்ணே சம்பந்தம்?” என்று கேட்டாள்.

அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். துரைமாருக்கு மேலே இருந்தவர்கள் ஆளைக் குறை, ஆளைக் குறை என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். மாதம் ஒரு முறை பெரட்டில் சில பேர்களை வாசிப்பார்கள். வாசிக்கப்பட்டவர்கள் குடும்பத்தோடு ரயிலேறிக் கப்பலுக்குப் போக வேண்டும். ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்பார்கள். இங்கேயே பிறந்தவர்களையும் ஊருக்குத் திருப்பித்தான் அனுப்பினார்கள்.

நான் இருந்தது அக்கா வீட்டில். அத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். காட்டில் மரம் சாய்ந்து முழங்கால் போனதும் அவரை ஜாகா வேலைக்கு, அதாவது ராக்காவலுக்கு, மாற்றினார்கள். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகையைச் சுற்றி ராத்திரி முழுக்க விளக்கோடு நடக்க வேண்டும். கொட்டகை வாசலில் ஒரு கம்பம், அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மணிக்கு மணி அதை அடித்தால்தான் ஜாகா முழித்திருக்கிறான் என்று பங்களாவில் துரைக்குத் தெரியும். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரட்டில் பேர் வாசிக்கும் காலையில் நான் வரிசையில் நிற்கிறவர்களைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். அத்தான் மட்டும் சிரிப்பார்.

“பயப்படாத மச்சான். இது நொண்டிக்குன்னே உள்ள வேல. நல்ல காலு உள்ளவன் எவன் கேப்பான்?”

மாசி மாதம் சிவராத்திரி வந்தது. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றுதான் குலதெய்வப் பூசை. ஆற்றங்கரைக் கோயிலில் விடிய விடிய உடுக்கையும் மேளமும் நடக்கும். லயத்தில் ஒரு விளக்கு இருக்காது. நிலாவும் விடியும் நேரத்தில்தான் வரும். கிராணியார் இதையெல்லாம் யோசித்து அந்த ராத்திரியைக் குறித்து வைத்திருந்தார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை.

“அங்கை சீமையிலை வடக்கு வெள்ளி உயர நிக்கும்” என்று எனக்குச் சொன்னார். அவர் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வார். “மற்ற வெள்ளியள் எல்லாம் அதைச் சுத்தி வளையம் போடும். இஞ்சை அது கீழை மரத்துக்குள்ளை போய் ஒளிச்சிட்டுது. நடுவிலை ஒண்டும் இல்லாமல் வளையம் போட்டால் படம் வடிவாய் இராது.”

அந்த நடுவுக்கு அவர் ஒரு வெளிச்சம் தேடினார். மேட்டிலிருந்து வடக்கே பார்த்தால், நேர் கீழே புகைக் கொட்டகை. அதன் வாசலில் அந்தக் கம்பம்.

சிவராத்திரி சாயங்காலம் அவர் கொட்டகைக்கு வந்தார். பின்னால் நான், கையில் ஒரு பிஸ்கட் டின். அடியை எடுத்துவிட்டு, மேலே புகை போக வெட்டி, பக்கத்தில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை போட்ட டின். நான்தான் போட்டுக் கொடுத்தேன், அவர் சொன்ன அளவில். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தகட்டில் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும் என்றார்.

அத்தானிடம் சொன்னார்: “உன்ரை விளக்கை இந்தக் கம்பத்திலை இறுக்கிக் கட்டு. மேலை இந்த டின்னைக் கவிட்டு விடு. ஓட்டை என்ரை மேட்டைப் பாத்து இருக்கவேணும். நான் சொல்லும் வரைக்கும் தொடக்கூடாது.”

“அப்ப நான் எதை வச்சுங்க சுத்திப் பாக்கறது?”

“ஒவ்வொரு நாளும் சுத்துற இடந்தானே. கண் தெரியாதோ?”

“அப்பறம் மணி அடிக்கணுங்களே கிராணியாரய்யா. தண்டவாளமும் இதே கம்பத்துலதான் தொங்குது.”

“அடிச்சால் கம்பம் ஆடும், விளக்கும் ஆடும். ஒரு ராத்திரி அடியாட்டில் விடியாதோ?”

“தொரை கேப்பாருங்க.”

“துரையிட்டை நான் சொல்லிக்கொள்ளுறன். நீ இதைப் பார்.”

அவர் ஓட்டையைச் சரிபார்க்கக் குனிந்திருந்தபோது நான் அத்தானிடம் மெதுவாகச் சொன்னேன். “அத்தான், தொரைகிட்ட சொல்லியாச்சா, இனிமேதான் சொல்லுவாரான்னு கேளுங்க.”

“நீயே கேளேன். நீதானே அவரு வலது கை.”

கேட்டேன். கிராணியார் நிமிர்ந்து, “நீ எனக்குப் பள்ளிக்கூடம் நடத்துறியோ?” என்றார். அவ்வளவுதான்.

அவர் மேட்டுக்கு நடந்த பிறகு அத்தான் சிரித்தார். “மனுசன் வெள்ளியப் புடிக்கப் போறாரு. நம்ம கையிலயும் சம்பள வெள்ளிக் காசு நிக்கத்தான் மாட்டேங்குது. போ, போயி கல்லச் சுடு.”

இருட்டு முழுசாக இறங்கியதும் கிராணியார் கேமராக் கண்ணைத் திறந்தார். சிவனுக்காக முழித்திருக்க வேண்டிய ராத்திரியை என் கணக்கில் வைத்துவிட்டு அவர் போய்ப் படுத்தார். நான் செங்கல்லோடு உட்கார்ந்தேன். கீழே கொட்டகைப் பக்கம் ஊசி முனை போல் ஒரு வெளிச்சம், வேறொன்றும் இல்லை. ஆரம்பத்தில் அத்தானின் தடி செம்மண் பாதையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஒரு பக்கம் போய், கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் வந்தது. பிறகு ஆற்றங்கரையில் மேளம் ஏறியது. அதற்கப்புறம் எனக்கு மேளம்தான் கேட்டது. விடியுமுன் கிராணியார் சால்வை போர்த்திக்கொண்டு வந்து கண்ணை மூடினார். “போ, போய் உன்ரை அத்தானைக் கழட்டச் சொல்லு” என்றார்.

வெளிச்சம் வந்ததும் தெரிந்தது. கொட்டகையின் பின் சுவரில் பலகைகளைப் பெயர்த்திருந்தார்கள். காய்ந்து அடுக்கியிருந்த ஷீட்டில் பெரும் பகுதியைக் காணோம். வண்டித் தடம் பக்கத்துக் கிராமத்துப் பாதை வரை போய், ஆற்று மணலில் முடிந்தது. யார் என்று இன்று வரை தெரியாது.

அத்தான் பெயர்ந்த பலகைகளைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். “இந்தப் பக்கமும்தான் வந்தேன்” என்றார். “மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. விளக்கு இருந்தா பாத்திருப்பேன்.”

அன்றைக்குத் துரை ரெங்கத்துக்குப் போலீசைப் பார்க்கப் போய்விட்டார். சாயங்காலம் கிராணியார் குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கில் சிவப்புத் துணி சுற்றி, தகட்டைக் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன். மருந்துத் தட்டில் மெதுவாகப் படம் எழுந்து வந்தது. பிறகு அவர் கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்தார். மரங்களின் தலைக்கு மேலே வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்றாக, சீப்பால் வாரிய மாதிரி கோடுகள். எல்லாவற்றுக்கும் நடுவில், கீழே, ஒற்றைப் புள்ளி. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிராணியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டேன். “தொரைகிட்ட மணி விசயம் சொல்லிட்டீங்களா அய்யா?”

“முதல் இது காயட்டும்” என்றார்.

மறுநாள் துரை அத்தானை ஆபிஸுக்குக் கூப்பிட்டார். எங்கள் துரை கூலிகளிடம் தமிழில்தான் பேசுவார். தமிழ் அவருக்கு அதட்டுவதற்கு மட்டும் வந்தது.

“ராவு பெல் இல்லே. ஏன் இல்லே?”

“கிராணியாரய்யா அடிக்க வேணாம்னு சொன்னாருங்க தொரை” என்றார் அத்தான். சொல்லிவிட்டு ஆறுதலாகக் கிராணியார் பக்கம் திரும்பினார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்கிற மாதிரி.

கிராணியார் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார். “நான் மேட்டிலை நிண்டு வானத்தைப் படமெடுத்தனான். உன்ரை மணியோடை எனக்கென்ன வேலை?”

அத்தான் தடியை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார்.

துரைக்குப் படம் என்றதும் ஆசை வந்துவிட்டது. கொண்டு வா என்றார். காலை வெயிலில்தான் கிராணியார் தகட்டிலிருந்து அதைத் தாளில் பதித்து எடுத்திருந்தார். அதை மேசை மேல் வைத்தார்கள். துரை பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து வெகு நேரம் பார்த்தார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னது எனக்கே விளங்கியது. பிறகு அவருடைய விரல் கீழே அந்தப் புள்ளியில் வந்து நின்றது.

“இது ஜாகா விளக்கு?”

“யெஸ் சார்” என்றார் கிராணியார்.

துரை சிரிக்க ஆரம்பித்தார். “ஸ்டார் எல்லாம் நடக்குது. ராவு முழுக்க நடக்குது. ஜாகா விளக்கு மட்டும் நடக்கலே.” அத்தானின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “ஸ்டாருக்குக் கால் நல்லா இருக்கு.”

சின்னக் கிராணிமாரும் சிரித்தார்கள். துரை சிரித்தால் சிரிக்க வேண்டும்.

நான் முன்னால் போனேன். “தொரை, நான் ராத்திரி முழுக்க மேட்டுலதாங்க இருந்தேன். அவரு தடிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு.”

“நீ பாத்தான்?”

“இருட்டுங்க தொரை. கேட்டுச்சு.”

“கேட்டான். பாக்கலே. சரி.”

அப்போது எனக்கு டின் ஞாபகம் வந்தது. அது கொட்டகை மூலையிலேயே கிடந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்க அதைத் துரை மேசை மேல், படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கிராணியாரின் முகம் ஒரு கணம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரைப் பயப்பட வைத்தது அந்த ஒரு கணம்தான்.

“இதைத்தாங்க விளக்கு மேல கவுக்கச் சொன்னாரு கிராணியாரய்யா. படத்துக்காக. இல்லாட்டி எந்த ஜாகாவாவது விளக்குக்கு மேல டின்னக் கவுப்பானுங்களா?”

துரை டின்னைத் தூக்கி, ஆணி ஓட்டையில் கண்ணை வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தார். கிராணியார் தணிந்த குரலில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பார். துரை டின்னைக் கீழே வைத்தார்.

“ஆமா. விளக்கு மேலே டின் வச்சா கண்ணுக்கு லைட் படாது. நல்லா தூங்கலாம்.” அத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். “புத்திசாலி.”

ஊரே முழித்திருந்த ராத்திரியில் தூங்கினவன் என்று ஒருவருக்குப் பேர் வந்துவிட்டது. அந்த ராத்திரி சுகமாகத் தூங்கின ஒரே ஆள் அத்தான் பக்கத்திலேயே நின்று கோட்டைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“நீ கப்பல்” என்று துரை அத்தானிடம் சொன்னார். “பொண்டாட்டி, புள்ளே எல்லாம் கப்பல்.” பிறகு என்னைக் காட்டினார். “இவன் ராவு முழுக்கத் தூங்கலே. கிராணி சொல்றான். இனிமே இவன் ஜாகா. ஆபிஸ்லே பியூன் வேணாம்.”

ஒரே வாய்ச் சொல்லில் இரண்டு ஆள் சம்பளத்தை ஒன்றாக்கிவிட்டார். ஆளைக் குறை என்று மேலே இருந்து எழுதியவர்களுக்கு அன்றைக்கே பதில் போயிருக்கும்.

“வேணாங்க தொரை” என்றேன்.

கிராணியார் குனிந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “வேண்டாமெண்டால் நீயும் ஏறு கப்பலிலை” என்றார்.

மேசையிலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு நான் பின்னால் நகர்ந்தேன். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார், யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி.

செய்தி எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. அந்த மாதம் ஐந்தாறு குடும்பங்களை அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதில் ஓர் இடம் நிரம்பிவிட்டது என்றதும் பல பேருக்கு முகம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நேற்று வரை அக்காவிடம் புளி கடன் கேட்டவர்கள் இன்றைக்கு அவளுடைய அம்மியையும் ஆட்டுக்கல்லையும் என்ன செய்யப் போகிறாள் என்று விசாரித்தார்கள். அரைப்பேர் போன அந்தப் பெண் மட்டும் வாசல் வரை வந்தாள். வந்து, “சிவராத்திரியில தூங்குனா இப்படித்தான் ஆகும்னு சொல்லுவாங்க” என்றாள்.

அக்கா அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடி என்னிடம் கேட்டாள். “டின்னக் கொண்டாந்து வைக்கச் சொல்லி உனக்கு யார்றா சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. நெசத்தக் காட்டலாம்னு…”

“காட்டிட்ட.”

அடுத்த நாள் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிராணியார் வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு நானும் பின்னால் போனேன். கிராணியார் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய், பழைய சேலை இரண்டும் ஒரு பொட்டலம் முறுக்கும் எடுத்து வந்து படியில் வைத்தார். “கப்பலிலை பிள்ளையள் அழுங்கள். குடுங்கோ” என்றார்.

அக்கா அதைத் தொடவில்லை. “அய்யாவைப் பாக்கணும்” என்றாள்.

கிராணியார் வந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, சத்தம் குறைத்து, ஏறக்குறைய அன்பாகத்தான் பேசினார். “இஞ்சை பார் பிள்ளை. காவல்காரன்ரை விளக்கைப் படத்துக்காக நான் கட்டி வைச்சனான் எண்டு துரைக்குச் சொன்னால், நாளைக்கு எனக்கு வேலை இல்லை. எனக்குக் கட்டிக்குடுக்காத மூண்டு குமர் இருக்கு. உங்களுக்கென்ன, ஊரிலை போய் வயல் செய்யலாம்.”

“ஊர்ல எங்களுக்கு நிக்க நெழலு கூட கெடையாதுங்க. அப்ப நீங்க கட்டச் சொன்னது நெசந்தான்னு ஒத்துக்கறீங்க.”

“இஞ்சை ஒத்துக்கொள்ளுறன். அங்கை மாட்டன்.”

அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். “ஜாகா வேல வேணும்னு இவன் உங்ககிட்டக் கேட்டானாங்க?”

கிராணியார் என்னைப் பார்த்தார். டின்னைக் கொண்டு வந்து மேசையில் வைத்தேனே, அந்தக் கணம் அவர் கண்ணில் இன்னும் இருந்தது. இல்லை என்ற ஒரு வார்த்தைக்கு அவருக்கு ஒரு செலவும் இல்லை.

“அதை உன்ரை தம்பியிட்டையே கேள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழியில் நான் எவ்வளவோ சொன்னேன். சத்தியம் செய்தேன். பயந்தவன் சத்தியம் செய்தால் அதுவும் பொய் மாதிரித்தான் இருக்கும் போலிருக்கிறது. அக்கா நடந்துகொண்டே இருந்தாள். வீட்டில் அத்தானிடம் கேட்டேன், “நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?” என்று. அவர் பீடியை அணைத்துவிட்டு, “நான் ஒண்ணும் நெனைக்கல மச்சான். நெனைச்சு என்ன ஆவப் போவுது” என்றார். நினைக்கவில்லை என்று அவர் சொன்னது எனக்குப் போதவில்லை.

படத்தில் ஒரு பிரதியைத் துரை வாங்கிப் பங்களா ஹாலில் மாட்டினார். வேறு தோட்டத்துத் துரைமார்கள் விருந்துக்கு வந்தால் அந்தப் புள்ளியைக் காட்டித் தூங்குகிற ஜாகாவின் கதையைச் சொல்வாராம். கதை முடிகிற இடத்தில் எல்லோரும் கிளாசைத் தூக்குவார்கள் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார். அக்கா வீட்டுச் சாமான்கள் அப்போது இன்னும் கட்டி முடியவில்லை.

அனுப்புகிற நாளில் மாட்டு வண்டி லாயாங் லாயாங் ஸ்டேஷன் வரை வந்தது. அன்று ஏறுகிறவர்கள் எல்லோரும் சாக்கு மூட்டைகளோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக் கிராணி ஒருவர் பேர் வாசித்துத் தலை எண்ணினார். நான் அத்தானின் மூட்டையைத் தூக்கப் போனேன். அவரே தூக்கிக்கொண்டார். ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அக்கா அதைப் பக்கத்திலிருந்த வேறொருத்தியின் பிள்ளையிடம் கொடுத்தாள்.

“அக்கா, ஒரு வார்த்த பேசுக்கா.”

அவள் மூட்டையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

“நானும் வந்துடறேன். இப்பவே பேரக் குடுக்கறேன்.”

“வந்து?” என்றாள். அந்த ஒரு மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான். “அங்க எந்த வேலையில ஒக்காருவ? அவருக்கு ஒண்ணு கெடைச்சா அதுலயா?”

ரயில் வந்தது. முட்டித் தள்ளி ஏறினார்கள். அத்தானுக்குப் படி உயரமாக இருந்தது. தடியை உள்ளே எறிந்துவிட்டு, கம்பியைப் பிடித்து, நல்ல காலால் எம்பினார். நான் இடுப்பில் கை கொடுத்தேன். அதை அவர் தட்டிவிடவில்லை. உள்ளே போனவர் ஜன்னல் பக்கம் வரவும் இல்லை.

ஜன்னலில் அக்காவும் சின்னப் பயலும் தெரிந்தார்கள். நான் கிட்டே போய்ப் பயலின் கையைப் பிடித்தேன். அவன் அழுதுகொண்டு, மாமாவும் வரட்டும் என்றான்.

“மாமா எப்படி வருவாரு?” என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது பேசுகிற குரல். “மாமாவுக்கு நல்ல வேல கெடைச்சிருக்கு சாமி. கும்புடு போடு. நல்லா இருங்க ஜாகான்னு சொல்லு.”

பயல் என் கையிலிருந்து தன் கையை உருவி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். அம்மா சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னான்.

வண்டி போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கைத் துடைத்தபடி வந்து, இன்னும் யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டார். இருட்டுவதற்குள் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.